பழைய வீடு ஏன் குளிரும், புது 'பாரம்பரிய' வீடு ஏன் கொதிக்கும்?

போன மே மாதம், மதுரைக்கு வெளியே சித்தப்பா கட்டியிருக்கும் புது வீட்டுக்குப் போயிருந்தேன். முகப்பில் கடைந்த மரத்தூண்கள், தரையெங்கும் ஆத்தங்குடிக் கல், கூடத்தின் நடுவே பத்துக்குப் பத்தில் ஒரு முற்றம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு அந்த முற்றத்தின் ஓரத்தில் ஐந்து நிமிடம் உட்கார முடியவில்லை. மழையும் தூசியும் வரக்கூடாது என்று மேலே பாலிகார்பனேட் தகடு போட்டு, நாலு பக்கமும் சந்து விடாமல் அடைத்திருந்தார்கள். "முத்தம் வச்சா வீடு குளுந்து கெடக்கும்னு சொன்னாய்ங்கடா. இப்ப வீட்டுக்குள்ளேயே அடுப்பு வச்ச மாதிரில இருக்கு" என்றார் சித்தப்பா.

வீட்டுக்கு வரைபடம் போடுவதுதான் என் பிழைப்பு. (அந்த வீட்டுக்குப் போட்டது நான் இல்லை. சொந்தக்காரனிடம் கொடுத்தால் குறை சொல்ல முடியாது என்று வேறு ஆளிடம் கொடுத்தார், அது தனிக்கதை.) வருகிறவர்களில் பாதிப்பேர் "செட்டிநாடு ஸ்டைல்" அல்லது "கேரளா மாடல்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கேட்டால் ஒரு பட்டியல் வரும்: திண்ணை, தூண், ஓடு, முற்றம், சுண்ணாம்புப் பூச்சு. இவையெல்லாம் இருந்தால் வீடு தானாகக் குளிரும் என்று ஒரு நம்பிக்கை. பழைய வீட்டில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. அந்த வேலையைத் தெரிந்துகொள்ளாமல் உருவத்தை மட்டும் கொண்டுவந்தால் சித்தப்பா வீடு மாதிரிதான் ஆகும்.

முதலில், சூடு எந்தப் பக்கமிருந்து வருகிறது?

தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 8 டிகிரியிலிருந்து பதின்மூன்றரை டிகிரி வரை இருக்கிறது. அதாவது சூரியன் நமக்குப் பெரும்பாலும் உச்சந்தலையில்தான். ஏப்ரலில் ஒருமுறையும், ஆகஸ்டிலிருந்து செப்டம்பர் தொடக்கத்துக்குள் இன்னொரு முறையும் நேர் உச்சிக்கே வந்து போகிறது. நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாத நாட்கள் அவை.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். நம் ஊர் வீட்டில் வெயிலை அதிகம் வாங்குவது கூரை. அதற்கடுத்து கிழக்கு, மேற்குச் சுவர்கள். காலை, மாலை வெயில் சாய்ந்து வந்து நேராக நெஞ்சில் அடிக்கும், ஒன்றரை அடி சன்ஷேடு அதைத் தடுக்காது. தெற்குச் சுவருக்குக் கோடையில் வெயில் குறைவு. மார்கழி, தையில்தான் அதிகம். ஆனால் ஜன்னல் திரைக்கும் சுவர் வண்ணத்துக்கும் மண்டையை உடைத்துக்கொள்கிற நாம், கூரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து அக்கிரகார வீடுகளைப் பாருங்கள். குறுகலான முகப்பு, உள்ளே ரயில் மாதிரி நீளும்: திண்ணை, ரேழி (வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள நடை), கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை. பக்கவாட்டுச் சுவர் அடுத்த வீட்டோடு பொது. அந்தச் சுவர்களில் வெயில் படவே வழியில்லை. மிச்சம் முன்பக்கமும் பின்பக்கமும்தான். முன்பக்கத்துக்குத் திண்ணை குடை பிடிக்கும், பின்பக்கத்துக்குத் தாழ்வாரம். செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். அவ்வளவு நீள வீட்டிலும் தெருவைப் பார்க்கும் முகம் சிறியது, அதற்கும் முன்னால் ஆழமான முகப்பு. அதை ஆடம்பரம் என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிறோம்.

தோசைக்கல்லும் ஹாட்பாக்ஸும்

இரும்புத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தால் உடனே காயாது. காய்ந்துவிட்டால் அடுப்பை அணைத்த பிறகும் ஒரு தோசை வார்க்கலாம். சூட்டை மெதுவாக வாங்கி, உள்ளே வைத்திருந்து, மெதுவாக விடுகிறது. கனமான சுவரும் கூரையும் இதையே செய்கின்றன. இந்தக் குணத்தை வெப்பத் தேக்கம் என்கிறோம். வெளியே பட்ட சூடு சுவரின் உட்பக்கத்துக்கு வந்துசேர எடுக்கும் நேரம் வெப்பத் தாமதம்.

ஹாட்பாக்ஸ் வேறு மாதிரி. அது சூட்டைத் தேக்கிவைப்பதில்லை, கடக்கவே விடாமல் மறிக்கிறது. அதன் இரட்டைச் சுவருக்கு நடுவே அசையாத காற்று அடைபட்டிருக்கிறது. இந்த மறிக்கும் குணம் வெப்பக் காப்பு. பனையோலைக் கூரையும் தென்னங்கீற்றும் இந்த வகை. ஓலை அடுக்குகளுக்கு இடையில் நின்றுவிட்ட காற்றுதான் அங்கே வேலைக்காரன்.

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் "சுவர் கனமா இருந்தா வீடு குளிரும்" என்ற பாதி உண்மை ஊரெல்லாம் ஓடுகிறது.

ஒரு கணக்கு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் வெப்பத் தாமதம் ஏறத்தாழ ஆறு மணி நேரம். மேற்குச் சுவரில் மாலை நாலு மணிக்கு அடிக்கும் வெயில் உங்கள் படுக்கையறைக்கு இரவு பத்து மணிக்கு வந்துசேரும். சரியாக நீங்கள் படுக்கப் போகும் நேரம்! நாலைந்து அங்குலக் கான்கிரீட் கூரைக்கு இந்தத் தாமதம் மூன்று மணி நேர அளவுதான். மதியம் ஒரு மணிக்கு வாங்கியது நாலு மணிக்குள் தலைக்கு மேல் வந்துவிடும், அப்புறம் ராத்திரி வெகுநேரம் வரை கொட்டிக்கொண்டே இருக்கும். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது.

அப்படியானால் ஒன்றரை அடிச் சுவர் கட்டிய முன்னோர் எப்படிச் சமாளித்தார்கள்? ஒன்றரை அடிச் சுவரில் தாமதம் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டும். பகல் சூடு உள்ளே எட்டிப் பார்ப்பதற்குள் விடியப் போகிறது. இது முதல் பதில். இரண்டாம் பதிலை யாரும் சொல்வதில்லை: ஆட்கள் இடம் மாறினார்கள். பகலில் கூடம், இரவில் திண்ணை, முற்றத்து ஓரம், மொட்டை மாடி. எங்கள் பாட்டி வீட்டில் சித்திரை பிறந்துவிட்டால் பாய் தலையணை எல்லாம் மாடிக்குப் போய்விடும். சாயங்காலம் நாலு குடம் தண்ணீர் தெளிப்பது என் வேலை. தளம் 'ஸ்ஸ்' என்று உறிஞ்சும், ஒரு மண்வாசனை எழும். ஆள் வெளியே படுத்திருக்க, திறந்து கிடந்த வீடு தன் சூட்டை இரவெல்லாம் கக்கி, விடியலில் ஆறியிருக்கும். இன்று கொசுவுக்கும் திருடனுக்கும் பயந்து எல்லாவற்றையும் சாத்திவிட்டு, தாத்தா பகலில் மட்டும் இருந்த அறையில் நாம் இரவில் படுக்கிறோம். அப்புறம் "இந்தப் பழைய வீடு புழுங்குது" என்கிறோம்.

இதுவரை சொன்னதில் மனதில் வைக்க வேண்டியது: கனம் சூட்டைத் தள்ளிப்போடும், காற்றடைப்பு சூட்டை மறிக்கும். தள்ளிப்போட்ட சூடு ஒருநாள் உள்ளே வந்தே தீரும். அதை இரவில் வெளியேற்ற வழி இருந்தால்தான் கனமான சுவரால் லாபம்.

ஓடும் மெட்ராஸ் டெரஸும்

சீமை ஓடு என்று நாம் சொல்லும் மங்களூர் ஓட்டுக்கு, 1865இல் பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ அமைப்பினர் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலைதான் ஆரம்பம். அதற்கு முன்பிருந்தே நம்மிடம் இருந்தது குயவர் செய்யும் நாட்டு ஓடு. இரண்டுமே மெல்லியவை. ஓடு தன்னளவில் பெரிய வெப்பக் காப்பு கிடையாது. கையில் எடுத்து வெயிலில் பிடித்தால் சீக்கிரமே சுடும். ஓட்டு வீடு குளிர்வதற்குக் காரணம் ஓடு மேயும் முறை. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் நூற்றுக்கணக்கான சந்துகள். கூரைக்கடியில் சேரும் சூடான காற்று அந்தச் சந்துகள் வழியாக மேலே நழுவிவிடும். கீழே மச்சு (மரப்பலகைத் தளம்) இருந்தால் நடுவில் ஒரு காற்றறையும் கிடைக்கும்.

இப்போது பலர் சாய்வாகக் கான்கிரீட் போட்டு அதன்மேல் கலவை வைத்து ஓட்டை ஒட்டுகிறார்கள். சந்தும் இல்லை, காற்றறையும் இல்லை. கான்கிரீட்டுக்கு ஓட்டு வேஷம். அதே ஓட்டைக் கான்கிரீட்டுக்கு மேல் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து, காற்று ஓடும்படி இடைவெளி விட்டு வைத்தால் கதை வேறு. கூரைக்கே ஒரு குடை கிடைத்த மாதிரி. காசில் பெரிய வித்தியாசம் வராது, செய்யத்தான் ஆளில்லை.

சமதளக் கூரைக்குப் பழைய வழி மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல் சின்ன, மெல்லிய செங்கற்களைக் குத்துக்கல்லாக, மூலைவாக்கில், சுண்ணாம்புச் சாந்தில் வரிசையாக நிறுத்துவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கிய தளம். எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு என்ற தட்டையான ஓடு. கம்பி ஒன்றுகூடக் கிடையாது. செங்கல் கான்கிரீட்டை விடச் சூட்டை மெதுவாகக் கடத்தும், தளமும் இன்றைய கூரையைப் போல இருமடங்கு தடிமன் வரும். அண்ணாந்து பார்த்தால் உத்திரங்களுக்கு நடுவே மீன் முள் மாதிரி ஓடும் செங்கல் வரிசை தெரியும். குறையும் உண்டு: உத்திரத்தில் கறையான் ஏறினால் எல்லாம் போச்சு, தட்டோட்டு இடுக்கை மழைக்கு முன் பார்க்காவிட்டால் ஒழுகும்.

முற்றம்: வீட்டின் புகைபோக்கி

பழைய சமையலறையில் அடுப்புக்கு நேர் மேலே புகைக்கூண்டு இருக்கும். சூடான காற்று கனம் குறைந்தது, அதனால் மேலே ஏறும். அது ஏறிப்போன இடத்தை நிரப்பக் கீழிருந்து புதுக் காற்று உள்ளே வரும். இதற்குப் பெயர் புகைபோக்கி விளைவு. முற்றம் என்பது வீட்டின் நடுவில் வைத்த பெரிய புகைக்கூண்டு. வெளிச்சுவர்களில் ஜன்னலும் வாசலும் திறந்திருந்தால் சூடான காற்று முற்றம் வழியாக ஏறிப்போக, வாசல் வழியாகப் புதுக் காற்று நுழையும். உள்ளே வரும் வழியை அடைத்துவிட்டால் முற்றம் சும்மா திறந்து கிடக்கும் ஓட்டை.

இரவில் வேறு ஒன்று நடக்கும். மேகமில்லாத இரவில் முற்றத்துத் தரையும் தாழ்வாரத்து ஓடும் தங்கள் சூட்டை வானத்தைப் பார்த்து உமிழும். அப்படிக் குளிர்ந்த பரப்பைத் தொட்ட காற்றும் குளிர்ந்து, கனத்து, முற்றத்துக் குழிக்குள் இறங்கித் தங்கும். முற்றத்தைத் தரைமட்டத்திலிருந்து ஓர் அடி தாழ்த்திக் கட்டியது மழைத் தண்ணீருக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். குளிர்ந்த காற்றுக்கும் அது தொட்டிதான். காலையில் கூடத்துத் தரையில் கால் வைத்தால் சில்லென்று இருப்பதில் இதற்கும் பங்குண்டு.

பகலில் அந்தக் குளிர்ச்சி எவ்வளவு நேரம் நிற்கும் என்பது முற்றத்தின் அளவைப் பொறுத்தது. குறுகி ஆழமாக இருந்தால் உச்சிவேளை தவிர மற்ற நேரம் நிழல். ஒற்றை மாடி வீட்டில் இருபதுக்கு இருபது முற்றம் வைத்தால் நாளெல்லாம் வெயில் கொட்டும். அங்கே சுற்றிலும் ஆழமான தாழ்வாரம் வேண்டும், செட்டிநாட்டு வளவுகளில் (அங்கே முற்றத்துக்கு அதுதான் பெயர்) இருக்கிற மாதிரி. வெயில் வளவில் விழும், ஆள் நிழலில் இருப்பார், வற்றலும் வடகமும் வெயிலில் காயும்.

சித்தப்பா வீட்டுக்கு வருவோம். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார் எப்படி இருக்கும்? வெளிச்சம் உள்ளே புகுந்து இருக்கையைச் சுடவைக்கும், சூடான காற்று வெளியேற வழியில்லை. பாலிகார்பனேட் மூடிய முற்றம் அதேதான். புகைக்கூண்டின் வாயை அடைத்துவிட்டு அடுப்பை மட்டும் எரியவிட்டிருக்கிறார்கள். இரவிலும் தரைக்கு வானம் தெரியாது, அதனால் இரவுக் குளிர்ச்சியும் இல்லை.

சுருக்கமாக: முற்றம் வேலை செய்ய மேல்வாய் திறந்திருக்க வேண்டும், கீழே காற்று வர வழி வேண்டும், தரையில் நிழல் வேண்டும். மூன்றில் எது போனாலும் மிச்சம் அலங்காரம்.

சுண்ணாம்புச் சுவர் 'மூச்சு விடும்' என்றால் என்ன?

இந்தச் சொல்லை நான் அடிக்கடி கேட்கிறேன், பெரும்பாலும் தப்பாக. சுவர் வழியாகக் காற்று வந்து போவதில்லை. போவது ஈரம். சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுட்டால் அதிலிருந்து கரியமில வாயு வெளியேறும். அதைத் தண்ணீரில் நீற்றினால் பிசைந்து பூசத்தக்க சுண்ணாம்பு. பூசிய பிறகு அது காற்றிலிருந்து அதே கரியமில வாயுவை மெல்ல வாங்கி மறுபடி கல்லாகும். அப்படி இறுகிய பூச்சில் நுண்ணிய துளைகள் நிறைய. சுவருக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி அந்தத் துளைகள் வழியே வெளியேறும், மண்பானைக்கு வியர்ப்பது போல.

இதன் பலன் குளிர்ச்சியைவிடச் சுவரின் ஆயுளில்தான் அதிகம் தெரியும். அஸ்திவாரத்திலிருந்து ஓதம் ஏறும் பழைய சுவருக்கு, "உறுதியா இருக்கட்டும்" என்று சிமென்ட் பூசிவிடுகிறார்கள். ஈரத்துக்கு வெளியே போக வழி அடைபட்டு, இரண்டு மழைக்காலத்தில் பூச்சு உப்பி, கூடவே செங்கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு விழும். கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த செட்டிநாட்டுப் பூச்சு கண்ணாடிபோல் மின்னுவது உண்மை. அதைப் புதுக் கான்கிரீட் வீட்டில் ஒரு சுவருக்கு மட்டும் பூசினால் வீடு குளிராது. அழகுக்காகச் செய்வது என்றால் தாராளமாகச் செய்யலாம்.

ஆத்தங்குடிக் கல் ஏன் சில்லென்று இருக்கிறது?

கண்ணாடிப் பலகைமேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் இட்டு, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்துக் கெட்டிப்படுத்துவது ஆத்தங்குடிக் கல். அதன் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. காலுக்குச் சில்லென்று இருப்பதற்கு அதில் தனி மந்திரம் ஒன்றும் இல்லை. எந்தக் கல்லும் சிமென்ட் தரையும் பாதத்தின் சூட்டை வேகமாக உறிஞ்சும், அதனால் குளிர்கிறது. தரைத்தளத்தில் கீழே மண் இருப்பதால் அந்தக் குளிர்ச்சி நிலைக்கும். சிவப்பு ஆக்சைடு தரைக்கும் இதே கதைதான்.

ஊர் மாறினால் விடையும் மாறும்

காரைக்குடியில் பலித்தது சென்னையில் அப்படியே பலிக்காது. கனமான சுவர் ஆறுவதற்கு இரவு நன்றாகக் குளிர வேண்டும். கடலோரத்தில் மே மாதப் பல இரவுகளில் வெப்பம் 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை, ஈரப்பதமும் கூட. அங்கே தோலின் மேல் காற்று ஓடினால்தான் வியர்வை காயும். அதனால் எதிரெதிர் ஜன்னல் வைத்து காற்றை அறையின் குறுக்கே ஓடவிடுவதற்கு முதல் இடம், பிற்பகல் கடற்காற்று வரும் கிழக்குப் பக்கத்தை அடைக்காதிருப்பது உட்பட. மழை கொட்டும் கன்னியாகுமரிப் பக்கம் செங்குத்தான ஓட்டுக்கூரை, மரச்சட்ட அழிகள். பத்மநாபபுரம் அரண்மனையில் நடந்தால் காற்று எப்படி வடிகட்டி வருகிறது என்று உடம்புக்கே தெரியும். நீலகிரியில் தோடர்களின் பீப்பாய் வடிவக் குடிலுக்கோ ஆள் தவழ்ந்து நுழையும் வாசல்தான். குளிரில் சூட்டை வெளியே விடக்கூடாதே! அதன் படத்தைக் காட்டி மதுரையில் 'இயற்கை வீடு' கேட்டவரும் என்னிடம் வந்திருக்கிறார்.

இன்று கட்டுகிறவர்களுக்கு

தேக்கு உத்திரத்துக்கு யாரிடமும் பணமில்லை, ஒன்றரை அடிச் சுவருக்கு மனையில் இடமில்லை. அந்த வேலைகளை வேறு பொருளால் வாங்கலாம். கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) பரவலாக்கிய ராட் டிராப் பாண்ட் ஒரு நல்ல வழி: செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்தி அடுக்கினால் ஒன்பது அங்குலச் சுவருக்குள்ளேயே காற்றறை கிடைக்கிறது, செங்கல்லும் சுமார் நாலில் ஒரு பங்கு மிச்சம். கூரைக்கு அவர் முறையிலேயே ஃபில்லர் ஸ்லாப்: சிலாப்பின் கீழ்ப்பாதிக் கான்கிரீட்டுக்கு வேலை குறைவு, அங்கே கம்பிகளுக்கு நடுவே இரண்டு பழைய ஓட்டைக் கவிழ்த்து வைத்தால் ஹாட்பாக்ஸ் மாதிரி காற்று அடைபடும். ஆரோவில்லில் சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து அழுத்திய மண்கல்லில் வீடுகளே கட்டுகிறார்கள். இவற்றுக்குப் பழகிய கொத்தனார் கிடைக்காவிட்டால், மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதே பெரிய விஷயம். வெயிலில் பெரும்பகுதியை வந்த வழியே அனுப்பிவிடும். மேற்கே ஒரு புங்கமரம் நடலாம், அல்லது படுக்கையறையைக் கிழக்கே மாற்றிவிட்டுக் குளியலறை, மாடிப்படி, சாமான் அறையை மேற்கே தள்ளலாம். இதற்குக் காசே கிடையாது, வரைபடம் போடும்போதே சொல்லிவிட வேண்டும்.

சித்தப்பாவுக்கு ஆடியில் வேலை நடந்தது. பாலிகார்பனேட் தகட்டைக் கழற்றி, முற்றத்துச் சுவரை நாலு பக்கமும் இரண்டடி உயர்த்தி, அந்த இரண்டடி முழுக்கக் கொசுவலை அடித்த திறப்பு விட்டோம். அதற்கு மேல், ஓரம் நன்றாக வெளியே நீளும்படி, ஓட்டுக் கூரை. நேர்மழை உள்ளே வராது, சூடு பக்கவாட்டில் போய்விடும். வெளிச்சம் கொஞ்சம் குறைந்ததில் சித்திக்கு வருத்தம். ஐப்பசி மழையில் சாரல் அடித்து முற்றத்தின் தெற்கு ஓரம் நனைந்தது, தண்ணீர் போகத் துவாரம் வைக்க மறந்திருந்தோம். சித்தப்பா மாப் எடுத்துத் துடைத்துக்கொண்டே எனக்குப் போன் போட்டார்.